முப்பத்திரண்டு கேள்விகள்

பாளையங்கோட்டை,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள கயல்,

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய கேள்விப் பட்டியல் கிடைத்தது. போனில் படிக்கக் கண் ஒத்துழைக்கவில்லை. எதிர்த்தெரு ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்து, திண்ணையில் உட்கார்ந்து இரண்டு தரம் படித்தேன். மொத்தம் 32 கேள்வி. பல்லுக்கு ஒன்று என்று கணக்கு வைத்தாயோ என்னமோ.

மூன்று மாவட்டத்து எம்.எல்.ஏ.க்களை ஒவ்வொருவராகப் பார்த்து, அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எந்தச் சட்டம் எந்தத் திட்டம் மாறவேண்டும் என்று நினைக்கிறார்கள் என்று தொடர் எழுதச் சொல்லியிருக்கிறார் உன் ஆசிரியர். என் காலத்தில் இப்படி யாரும் என்னிடம் சொன்னதில்லை. கட்சித் தாவல், வெளிநடப்பு, மைக் உடைப்பு என்று எழுதியே ஓய்வுபெற்ற ஆள் நான். அதனால் சந்தோஷமாகத்தான் பட்டியலைக் கையில் எடுத்தேன். முதல் கேள்வியிலேயே நின்றுவிட்டேன். "தொகுதி வளர்ச்சிக்கான உங்கள் தொலைநோக்குத் திட்டம் என்ன?"

இதை அடித்துவிடு. 1986-இல், மேலவையைக் கலைத்த அந்த வருஷம், வேலைக்குப் புதிதாகச் சென்னைக்குப் போயிருந்தேன். ஓமந்தூரார் தோட்டத்து எம்.எல்.ஏ. விடுதியில் ஓர் உறுப்பினரைப் பிடித்து, ஏறக்குறைய இதையேதான் கேட்டேன். அவர் பனியனோடு உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். "அதெல்லாம் எங்க தேர்தல் அறிக்கையில இருக்கே தம்பி, ஒரு காப்பி தரச் சொல்லட்டுமா?" என்றார். கிண்டல் செய்யவில்லை. நிஜமாகவே கொடுத்தனுப்பினார். ரொம்ப நாள் வைத்திருந்தேன் அதை. பெரிய கேள்வி கேட்டால் அவர்கள் அத்தனை பேருக்கும் கட்சி ஒரு பதிலை அச்சடித்துக் கொடுத்திருக்கிறது. அதைத்தான் வாங்கிக்கொண்டு வருவாய்.

முதல் நாள் கேள்வியே கேட்காதே. காலையில் ஆறரை மணிக்கு அவர் வீட்டு வாசலுக்குப் போய், மனுவோடு நிற்கிறவர்களோடு நில். 2021 தேர்தலின்போது மாநிலத்தில் 6.28 கோடி வாக்காளர்கள். 234 தொகுதியால் வகுத்துப் பார், ஓர் எம்.எல்.ஏ. தலைக்கு இரண்டே முக்கால் லட்சம் பேருக்குக் கொஞ்சம் குறைவாக வரும். சோழிங்கநல்லூர் மாதிரித் தொகுதியில் ஆறு லட்சத்துக்கும் மேல். அந்த இரண்டே முக்கால் லட்சத்தில் அன்றைக்குக் காலையில் எழுந்து வந்தவர்கள்தான் அந்த வாசலில் நிற்பவர்கள். முதியோர் உதவித்தொகை நின்றுபோன ஆச்சி, பட்டா மாறுதலுக்கு ஏழு தடவை நடந்தவர், மகளுக்கு டிரான்ஸ்ஃபர் கேட்கும் வாத்தியார், காதுகுத்துப் பத்திரிகையோடு வந்தவர், மருமகன் அடித்துவிட்டான் என்று அழுகிற தாய். இதில் பாதிக்கு மேல் எம்.எல்.ஏ.வுக்கு அதிகாரமே இல்லாத காரியம். பட்டா தாசில்தார் கையில், சாக்கடை பஞ்சாயத்து கையில். அவர் செய்யக்கூடியதெல்லாம் ஒரு போன். அந்தப் போனுக்காகத்தான் ஜனங்கள் ஓட்டுப் போட்டிருக்கிறார்கள் என்பது அவருக்கும் தெரியும்.

அங்கே நிற்கும்போது ஒன்றை மட்டும் கவனி. எந்த மனு பி.ஏ. கைக்குப் போகிறது, எது அவர் சட்டைப் பைக்குப் போகிறது? சட்டைப் பைக்குப் போனதைப் பற்றி மறுநாள் கேள். "நேற்று அந்த நீலப்புடவை அம்மா கொடுத்தது என்னங்க, நீங்களே வைத்துக்கொண்டீர்களே?" என்று கேட்டால் அவர் உன்னை நிமிர்ந்து பார்ப்பார். பேச்சு அங்கேதான் தொடங்கும்.

பேசுவதற்கு நல்ல இடம் அவருடைய கார். அலுவலகத்தில் பத்துப் பேர் கேட்டுக்கொண்டிருப்பார்கள், வீட்டில் ஒன்றியச் செயலாளர் உட்கார்ந்திருப்பார். ஒரு துக்க வீட்டுக்கும் அடுத்த துக்க வீட்டுக்கும் நடுவில், காரில், மனுஷன் மனுஷனாகப் பேசுவார். மாலை வாங்கிப் போட்டே மாசச் செலவு எகிறுகிறது என்று அவர்கள் அலுத்துக்கொள்வதை நான் எத்தனையோ பேரிடம் கேட்டிருக்கிறேன். ஒரு சாவுக்குப் போகாமல் விட்டால் அந்தத் தெருவே அடுத்த தேர்தல்வரை ஞாபகம் வைத்திருக்கும். நீ பெண்பிள்ளை, தனியாகக் காரில் போகிறாயே என்று உன் அம்மா கவலைப்படுவாள். போட்டோகிராபரைக் கூட்டிக்கொண்டு போ, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இனி கோட்டை. போகுமுன் அவர் அவையில் பேசியதைப் படித்துவிட்டுப் போ. நடவடிக்கைக் குறிப்புகள் இருக்கின்றன. 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரத்தை நேரலையாகவே காட்டுகிறார்கள். எங்கள் காலத்தில் பத்திரிகையாளர் மாடத்தில் உட்கார்ந்து கிறுக்கியதை நீ வீட்டிலிருந்தே பார்க்கலாம். பார்க்கும்போது அவர்கள் பேசும் தமிழைக் கேள். "மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்களே, என் தொகுதியில் இன்ன ஊரில் துணை சுகாதார நிலையம் அமைக்க அரசு முன்வருமா என்பதைத் தங்கள் வாயிலாக அறிய விரும்புகிறேன்." அமைச்சர் எழுந்து, "நிதிநிலைக்கேற்ப பரிசீலிக்கப்படும்" என்பார். முடிந்தது.

அந்த 'முன்வருமா' என்ற ஒரு சொல்லைப் பல வருஷம் கேட்டும் எனக்கு உறைக்கவில்லை. அதுவும் ஒரு மனுதான், கயல். காலையில் வீட்டு வாசலில் மனு வாங்கிய அதே ஆள், கோட்டையில் மனு கொடுக்கிறவராக நிற்கிறார். ஆளுங்கட்சிக்காரராக இருந்தாலும் அப்படித்தான். 2022 ஆகஸ்டில் முதலமைச்சரே 234 பேருக்கும் கடிதம் எழுதி, தொகுதியில் தீராத முக்கியமான பத்துக் கோரிக்கைகளை அனுப்பச் சொன்னார். நல்ல ஏற்பாடுதான். சட்டம் இயற்றத் தேர்ந்தெடுத்தவரிடம் கோரிக்கைப் பட்டியல் கேட்பதில் யாருக்கும் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை என்பதையும் கவனித்தேன்.

அப்படியென்றால் கொள்கை எங்கே? உன் கேள்விகளில் ஒன்பதாவது முதல் பதினாறாவது வரை கொள்கை, கொள்கை என்று வருகிறது. அவர்களில் பலருக்கு அந்தச் சொல் கட்சிக் கொள்கையைத்தான் நினைவூட்டும். நீ தேடுவது வேறு. ஒரே மாதிரி மனு நூறு தடவை வந்து, "இதை ஒவ்வொன்றாகத் தீர்த்து ஆகாது, விதியையே மாற்றணும்" என்று ஒருவருக்குத் தோன்றுகிறதே, அந்த இடம். அதைக் கண்டுபிடிக்க நேரான கேள்வி ஒன்றுதான் எனக்குத் தெரியும்: "திரும்பத் திரும்ப வந்து உங்களைச் சலிக்கவைக்கிற மனு எது?"

ஓர் உதாரணம் சொல்கிறேன். 2021 செப்டம்பரில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்துக்கு ஒரு சின்னத் திருத்தம் கொண்டுவந்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை கொடுக்கவேண்டும், அவ்வளவுதான். ஜவுளிக்கடைக்குப் போகிற நாம் எல்லோரும், காலை முதல் ராத்திரி வரை நின்றுகொண்டே சேலை விரித்துப் போடுகிற பெண்களைப் பார்த்திருக்கிறோம். கால் நரம்பு சுருட்டிக்கொண்டு அவர்கள் படுகிற பாடு அவர்கள் வீட்டாருக்குத் தெரியும். நமக்கு முன்னால் 2018-இல் கேரளாவில் இதைச் செய்துவிட்டார்கள். கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைப் பெண்கள் பல வருஷம் போராடி வாங்கிய உரிமை அது. ஒரு முக்காலியைச் சட்டத்துக்குள் கொண்டுவர இவ்வளவு பாடு. உன் எம்.எல்.ஏ.க்களிடம் இந்தச் சட்டம் அவர்கள் ஊர்க் கடைகளில் நடக்கிறதா என்று கேட்டுப் பார். நாற்காலி வாங்கிப் போட்டிருப்பார்கள், அதில் துணி மூட்டை உட்கார்ந்திருக்கும். அது தெரிந்திருக்கிற எம்.எல்.ஏ. கிடைத்தால் அவரோடு ஒரு நாள் முழுக்க இரு.

இன்னும் பழைய கதை ஒன்று, உனக்குத் தெரிந்திருக்கலாம். முத்துலட்சுமி ரெட்டி 1927-இல் சென்னை மாகாணச் சட்டசபையில், கோயிலுக்குப் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை நிறுத்தச் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்திலேயே படித்திருப்பாய். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்து அவர் செய்தது. அந்தக் குடும்பங்களுக்குக் கோயில் மானிய நிலம் இருந்தது. பொட்டுக்கட்டி ஊழியம் செய்தால்தான் நிலம், ஊழியத்தை விட்டால் நிலமும் போகும். அம்மா மகளைக் கோயிலுக்கு விடாமல் என்ன செய்வாள்? 1929-இல் அறநிலையச் சட்டத்துக்கு அவர் கொண்டுவந்த திருத்தம் அந்த முடிச்சை அவிழ்த்தது. ஊழியம் இல்லாமலே நிலம் அவர்களுக்கே என்று ஆயிற்று. பொட்டுக்கட்டுவதையே தடுக்கும் சட்டம் வர 1947 ஆயிற்று. அதற்குள் அவர் சபையை விட்டே போய்விட்டார், காந்தி கைதானதைக் கண்டித்து 1930-லேயே ராஜினாமா. தான் சபையில் பார்த்ததை அதே வருஷம் ஆங்கிலத்தில் புத்தகமாகவும் எழுதிவைத்தார். உன் தொடருக்கு அதுதான் முதல் பேட்டி என்று வைத்துக்கொள், பேட்டி எடுக்க ஆள் வராததால் அவரே எழுதிக்கொண்டார்.

அவர் ஞாபகம் வந்ததால் இதையும் சொல்கிறேன். உன் 27-ஆவது கேள்வி, "குடும்பத்தையும் பொதுவாழ்வையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" 2021-இல் 234 பேரில் பெண்கள் 12 பேர்தான் ஜெயித்தார்கள். அவர்களிடம் மட்டும் இதைக் கேட்கப்போகிறாய் என்றால் வேண்டாம். ஆண்களிடமும் கேட்பதாக இருந்தால் கேள். அவர்கள் முழிப்பதையும் எழுது.

தொகுதி மேம்பாட்டு நிதி பற்றி ஆறு கேள்வி வைத்திருக்கிறாய். வருஷத்துக்கு 3 கோடி ரூபாய், எந்த வேலைக்குப் போனது என்பது கலெக்டர் அலுவலகத்துக் காகிதத்திலேயே இருக்கும், தகவல் உரிமையில் வாங்கிக்கொள். அவரிடம் கேட்க வேண்டியது, "யார் யாருக்கு இல்லை என்று சொன்னீர்கள்?" நிழற்குடை கேட்ட ஊர் பதினைந்து, கட்டியது மூன்று என்றால், மீதிப் பன்னிரண்டு ஊருக்கு என்ன சமாதானம் சொன்னார் என்பதில் அவருடைய அரசியல் முழுக்க இருக்கிறது.

கட்சியை மீறி அவர் வாய் திறக்கமாட்டார், அதற்காக அவரைக் கோழை என்று எழுதிவிடாதே. 1985-இல் பத்தாவது அட்டவணை வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடும். 2023 ஏப்ரல் 21-ஐ எடுத்துக்கொள். தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்புச் செய்தன. மூன்றே நாளில் அரசு நிறுத்திவைத்தது, மே தினத்தன்று திரும்பப் பெறுவதாக முதலமைச்சர் அறிவித்தார். அன்றைக்கு அவையில் 'ஆம்' என்று குரல் கொடுத்தவர்கள் மே 1 அன்று கை தட்டினார்கள். அந்தப் பத்து நாளில் அவர்கள் வீட்டு வாசலுக்கு வந்த தொழிலாளி என்ன சொன்னான், இவர்கள் என்ன பதில் சொன்னார்கள்? இதுவரை யாரும் எழுதியதாக நான் பார்க்கவில்லை. ஆனால் கேட்கும்போது குற்றக்கூண்டில் நிறுத்துகிற குரலில் கேட்காதே. உள்ளே நடந்ததை அவர் சொல்லாமல் விட்டாலும், எந்த இடத்தில் பேச்சை நிறுத்தி வெளியே பார்த்தார் என்பது உனக்குத் தெரியும்.

பொதுக் கணக்குக் குழு, மதிப்பீட்டுக் குழு, உறுதிமொழிக் குழு இவற்றைப் பற்றி நீ ஒரு கேள்விகூட வைக்கவில்லையே? அமைச்சர்கள் அவையில் "செய்து தரப்படும்" என்று சொல்லிவிட்டுப் போவதை எல்லாம் குறித்து வைத்து, செய்தீர்களா என்று கேட்பதற்கென்றே ஒரு குழு. கேமரா இல்லை, கைதட்டல் இல்லை. கட்சி வேறானவர்கள் அங்கே ஒரே பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரியைக் கேள்வி கேட்டார்கள் என்று பலர் எனக்குச் சொல்லியிருக்கிறார்கள், சொல்லும்போது அவர்கள் முகத்தில் ஒரு பெருமையும் இருந்தது. அவையில் நூறு தடவை பேசியவருக்கு அந்தப் பெருமை வந்து நான் பார்த்ததில்லை. குழுவில் இருப்பவர் யார் யார் என்று பார்த்து, அவர்களிடம் அதைக் கட்டாயம் கேள்.

இனிமேல் சொல்லப்போவதை உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

தொண்ணூறுகளில் நம் பக்கத்து ஆளுங்கட்சி எம்.எல்.ஏ. ஒருவர். பெயர் வேண்டாம். ஒரு கோடைகாலத்தில் அவர் காரில் அம்பாசமுத்திரம் வரை போனேன். வழியில் வறண்டு கிடந்த ஒரு குளத்தைக் காட்டி வண்டியை நிறுத்தச் சொன்னார். "இந்த வண்டல் மண்ணை வயலுக்கு அடிச்சா உரம் வாங்குற காசு மிச்சம். குளமும் ஆழமாகும். ஆனா அனுமதிச் சீட்டு வாங்க விவசாயி ஆபீஸ் ஆபீஸா அலையணும். குளம் வத்திக் கெடக்கிறது ரெண்டு மாசம். சீட்டு கைக்கு வர்றதுக்குள்ள குளத்துல தண்ணி வந்துரும். எனக்கு வர்ற மனுல பத்துக்கு ரெண்டு இதுதான். தாலுகாவுலயே குடுத்துட்டா என்ன?" என்றார். கொஞ்ச தூரம் போனதும் அலுப்போடு இன்னொன்றும் சொன்னார். "எங்க மந்திரிகிட்ட நாலு தடவ சொல்லியாச்சு. அவரு காதுலயே வாங்கல."

இரண்டையும் எழுதினேன். எதை மேலே வைத்தேன் என்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை. மந்திரி காதில் வாங்காதது தலைப்பாயிற்று. குளத்து மண் ஐந்தாவது பத்தியில் இருந்தது, இடமில்லை என்று டெஸ்க்கில் வெட்டிவிட்டார்கள். மறுநாள் காலை கடையில் பேப்பரைப் பார்த்தபோது, வெட்டுப்பட்டதைப் பற்றி எனக்கு வருத்தமே வரவில்லை, முதல் பக்கத்தில் பெயர் வந்துவிட்டதே. அடுத்த தேர்தலில் அவருக்குச் சீட்டு கிடைக்கவில்லை. காரணம் நூறு இருக்கும். என்னால்தான் என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை, கல்யாண வீடுகளில் பார்க்கும்போது வணக்கம் சொல்வார், அவ்வளவுதான்.

2024-இல், ஏரி குளங்களில் வண்டல் மண் எடுக்க, அதுவரை கலெக்டரிடம் இருந்த அனுமதி அதிகாரத்தை வட்டாட்சியருக்குக் கொடுத்தார்கள். விவசாயிகளுக்கும் மண்பாண்டம் செய்கிறவர்களுக்கும் கட்டணம் கிடையாது. அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கும் அவருக்கும் நேரடித் தொடர்பு ஒன்றும் இல்லை, மனு ஊர் ஊராக வந்துகொண்டேதான் இருந்திருக்கும், யாரோ ஒருவர் கடைசியில் கேட்டிருப்பார். ஆனால் அந்த யோசனை கால் நூற்றாண்டுக்கு முன்னால் என் நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. அதை அச்சில் பார்த்து இன்னொரு எம்.எல்.ஏ.வோ ஓர் அதிகாரியோ பிடித்துக்கொண்டிருக்கலாம், பிடிக்காமலும் போயிருக்கலாம். நான் அச்சில் கொடுத்தது அவருடைய அலுப்பை மட்டும்.

அதனால் உன்னிடம் ஒன்று கேட்கிறேன். ஒவ்வொரு பேட்டியிலும், குளத்து மண் மாதிரி ஒன்று இருக்கும். அது முதல் பத்தியில் வரட்டும். வாய்தவறி வந்த சொல் எத்தனை ருசியாக இருந்தாலும், எழுதலாமா என்று அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வை. உன் ஆசிரியர் வெட்டினால் சண்டை போடு. தோற்றாலும் பரவாயில்லை, நான் சண்டையே போடவில்லை.

போன வாரம் துணிந்து அந்தக் குளத்து எம்.எல்.ஏ.வுக்குப் போன் செய்தேன். நீ வருவதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "உங்க மருமகளா? வரட்டும். எழுதுனதை எனக்கு ஒருதரம் வாசிச்சுக் காட்டச் சொல்லுங்க" என்றார். முழுக் கட்டுரையையும் காட்டவேண்டியதில்லை, அது உன் தொழிலுக்கு ஆகாது. அவர் சொன்னதாக நீ எழுதுவதை மட்டும் வாசித்துக் காட்டு.

வியாழக்கிழமை காலை பத்து மணி. நம் வீட்டிலிருந்து ஆட்டோவில் பத்து நிமிஷம், நான் உள்ளே வரவில்லை, தெருமுனையில் இறங்கிக்கொள்கிறேன். வலது காது அவருக்கு இப்போது கேட்பதில்லை. இடது பக்கமாக நாற்காலியைப் போட்டுக்கொள்.

அன்புடன்,
மாமா